பற்றவைத்த இடைவெளி

மலாய் நாடு ஐம்பத்தேழில் சுதந்திரம் அடைந்த காலத்தில் நான் மலாக்காவில் ரேடியோ இரைச்சலைத் தேடிப் பிடிக்கும் வேலையில் இருந்தேன். இப்படி ஒரு வேலை இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. அன்றும் நம்பவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளை என்ன செய்யிறாரு?” என்று கேட்டதற்கு என் அப்பா, “கவர்மெண்டு வேலை” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் விளக்கினால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வேலை இதுதான். ஒரு வட்டாரத்து ரேடியோக்களில் திடீரென்று கர்புர்ரென்று இரைச்சல் வரும். எங்கோ ஒரு மோட்டாரோ, தளர்ந்த மின்கம்பியோ, பழுதான சுவிட்சோ பொறி தட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொறி அக்கம்பக்கத்து ரேடியோக்களில் எல்லாம் கேட்கும். மக்கள் எங்கள் இலாகாவுக்குப் புகார் எழுதுவார்கள். நான் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு போய், பொறி எந்த வீட்டில் தட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கருவிகள் எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர். பிஸ்கட் டின் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் தலைமேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் வளையம். குழாய்க்குள் கம்பிச் சுருள். கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவி என்று அதன் புத்தகத்தில் எழுதியிருந்தது. யாருடைய கை என்று எழுதவில்லை. பாட்டரியோடு சேர்த்துத் தூக்கினால் அரை மணி நேரத்தில் தோள்பட்டை இறங்கிவிடும்.

வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே ஹெட்போனில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது இரைச்சல் உச்சத்துக்குப் போகும். அங்கிருந்து கால்வட்டம் திருப்பினால் சட்டென்று அடங்கிவிடும். அடங்கும் இடம்தான் முக்கியம். அப்போது வளையத்தின் முகம் பார்க்கும் கோட்டில்தான் எங்கோ குற்றவாளி இருக்கிறான். வேறோர் இடத்தில் நின்று இன்னொரு கோடு பிடித்தால், இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வீடு.

இரைச்சல் தேடி வெளியே போவது மாதத்தில் நாலைந்து நாள்தான். மற்ற நாளெல்லாம் கருவிகளை உயிரோடு வைத்திருப்பதே என் வேலை. மலாக்காவின் ஈரக் காற்றில் பாட்டரி முனைகள் பச்சை பூக்கும். உள்ளே கம்பி ஓடும் ஹெட்போன் கயிற்றின் ரப்பர் பிசுபிசுக்கும். சுருளுக்குப் பூசிய மெழுகைக் கரப்பான்பூச்சி தின்னும். ஓர் அலமாரிக்குள் இரவும் பகலும் பல்பு எரியவிட்டு, அந்தச் சூட்டில் கருவிகளை வைத்திருந்தேன். மழைக்காலத்தில் அலுவலகத்திலேயே உலர்ந்த இடம் அது ஒன்றுதான் என்பதால் சக ஊழியர்கள் ஈரக் காலுறைகளையும் அதில் கொண்டுவந்து வைத்தார்கள். கோளாறு என்று வந்தால் நான் ஒரு வரிசையில் பார்ப்பேன். முதலில் பாட்டரி, பிறகு கயிறு, பிறகு சுவிட்ச், கடைசியில் உள்ளே பல்புபோல் எரியும் வால்வு. வளையத்தைப் பார்ப்பதில்லை. வளையத்தில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பித்தளைக் குழாய் முழு வட்டமாக இருக்காது. உச்சியில் விரல் நகம் அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். எபனைட் என்ற கருப்புக் கெட்டி ரப்பரில் ஒரு காப்பு செய்து அந்த இடைவெளியை மூடியிருப்பார்கள். சுதந்திர வருடத்தின் தொடக்கத்தில், ஒரு பெருமழையில் ஒன்றாம் நம்பரின் காப்பு வெடித்துக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கியது. புதுக் காப்பு கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். நான் கேட்காத ஒரு பொருள் வந்தது. பிறகு நானே ஒரு பித்தளைப் பட்டையை வளைத்து, இடைவெளியின்மேல் கச்சிதமாக உட்காரவைத்து, சுற்றிலும் ஈயம் விட்டுப் பற்றவைத்தேன். அரத்தால் ராவினேன். உப்புத்தாளால் தேய்த்தேன். பாலிஷ் போட்டேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் வைத்த பற்றுகளில் அதைவிட அழகானது இல்லை.

எங்கள் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. கப்பலுக்கு நாள் குறித்துவிட்டு, தன் பீங்கான் சாமான்களுக்கு வைக்கோல் சேகரித்துக்கொண்டிருந்தார். அவர் வளையத்தைத் தடவிப் பார்த்து, மிக நல்ல வேலை என்றார். கருவியோடு வந்த புத்தகத்தில் வளையத்தைப் பற்றிய பக்கங்களைக் கரப்பான் தின்றிருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. தின்னாமல் இருந்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன்.

காஜா பெராங்கிலிருந்து புகார் வந்தது ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில். ஒரு தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கையெழுத்து, ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த ஒரு தமிழருடையது. காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டும் கையால் எழுதிய கடிதம். எழுத்தும் கட்டுப்போட்டதுபோல் ஒழுங்காக இருந்தது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, முறுக்கைக் காய்ந்த எண்ணெயில் போட்டதுபோல் ஒரு பொரிச்சல் கேட்கிறது. காலை, பகல், மாலை என்று வித்தியாசமில்லை. நாடு சுதந்திரம் பெறும் நிகழ்ச்சியை ரேடியோவில் ஒழுங்காகக் கேட்க அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும். துரை அதைப் படித்துவிட்டு, ஏதாவது செய் என்றார்.

இரண்டாம் நம்பர் ஒரு வால்வு இல்லாமல் சில மாதங்களாகப் படுத்திருந்தது. ஒன்றாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு, வேன் ஓட்டும் மலாய்க்கார லைன்மேனோடு போனேன். பற்றவைத்த பிறகு அதை வெளியே எடுப்பது அதுதான் முதல் தடவை. ஒரு சோதனை செய்துவிட்டுப் போயிருக்கலாம். கருவியைப் பார்த்தாலே அவ்வளவு நன்றாக இருந்தது, சோதிக்கத் தோன்றவில்லை.

தெருவில் இறங்கியதுமே பொரிச்சல் கேட்டது. வளையத்தைத் திருப்பினேன். வழக்கமாகச் சட்டென்று அடங்கும் இடத்தில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பாட்டரி பழசு என்று எண்ணிக்கொண்டு, சத்தம் கூடும் பக்கமாக நடந்தேன். தெருவின் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. கடைசிக் கம்பத்திலிருந்து மின்கம்பி தொய்ந்து, எட்டிப் பிடித்துவிடலாம் என்ற உயரத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. வாசலில் நின்றபோது ஹெட்போன் காதைப் பிளந்தது. மூன்று முறை தெருவை அளந்தேன். மூன்று முறையும் அதே வாசல்.

அது ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்து வீடு. காஜா பெராங்கில் அவர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். கும்பிடுவது நம் சாமிகளை, பேசுவது மலாய். அந்த வீட்டில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தனியாக இருந்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணச் செருப்புகளுக்கு மணி கோத்துப் பூவேலை செய்வது அவர் தொழில். கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் அவற்றை ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மரப்பெட்டியில் அடைத்த, வீட்டிலேயே செய்த ரேடியோ. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

நாங்கள் பேசியது மலாயில்தான். நடுவில் அவர் சொன்ன “தம்பி” மட்டும் தமிழ். நான் சொன்ன “மக்சிக்” என்றால் மலாயில் அத்தை.

“இது யார் செஞ்ச ரேடியோ, மக்சிக்?”

“வீட்டுல செஞ்சது. லைசென்ஸ் இருக்கு.” சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லைசென்சைக் காட்டினார். அந்தத் தெருவில் லைசென்சுக்குக் கண்ணாடி போட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“இதுலேருந்துதான் தெருவுக்கே இரைச்சல் வருது. ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கணும்.”

அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். “எனக்கும்தான் அந்தச் சத்தம் வருது. என் ரேடியோ சத்தம் போட்டா எனக்கு ஏன் கேக்குது?”

“அது தன் சத்தத்தத் தானே கேக்குது, மக்சிக்.”

இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அவர் என்னையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சாலா ருமா, தம்பி” என்றார். வீடு மாறி வந்துவிட்டாய் என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை. தபால்காரனிடம் சொல்வதுபோல் சொன்னார்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டிரெசர் முன்னால் நின்றார். “கண்டுபிடிச்சாச்சா தம்பி?” என்றார். “கண்டுபிடிச்சாச்சு ஐயா. இந்த ரேடியோதான்” என்று வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அரக்கு முத்திரை வைத்து, ரசீது எழுதிக் கொடுத்து, ரேடியோவை வேனில் ஏற்றினோம். லைன்மேன் வண்டியைக் கிளப்பியபின், “அந்தக் கம்பி ரொம்பத் தொங்குது” என்று மட்டும் சொன்னார். வேலை விஷயமாக அன்று யாராவது உருப்படியாக ஒன்று சொன்னார்கள் என்றால் அது அதுதான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பொரிச்சல் நின்றுவிட்டது. அடியோடு நின்றுவிட்டது.

டிரெசர் நேரில் அலுவலகத்துக்கு வந்து துரையிடம் நன்றி சொன்னார். சுதந்திர நாள் காலையில் தன் வீட்டுக்கு வந்து எல்லாரோடும் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும் என்று என்னை அழைத்தார். துரை என் பதிவேட்டில் நல்லதாக ஒரு வரி எழுதினார். நான் ஒன்றாம் நம்பரை இன்னொரு முறை பாலிஷ் போட்டு வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, இரண்டாம் நம்பருக்கு வேண்டிய வால்வு வந்தது. மாட்டிப் பார்த்தேன். உயிர் வந்தது. பாண்டார் ஹிலிர் திடலுக்கு இரண்டு கருவிகளையும் கொண்டுபோனேன். உள்ளே பொறி தட்டும் ஒரு மின்மணியைப் பாட்டரியோடு இணைத்துத் திடலின் கோடியில் அடிக்கவிட்டுவிட்டு, கடல் பக்கமாக வந்து நின்று கேட்டேன். இரண்டாம் நம்பரின் வளையத்தைத் திருப்பினேன். கிர்ர் என்ற சத்தம் ஏறி, இறங்கி, ஓர் இடத்தில் கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. வளையத்தின் முகம் நேராக மணியைப் பார்த்திருந்தது.

பிறகு ஒன்றாம் நம்பர். திருப்பினேன். சத்தம் இருந்தது. இன்னும் திருப்பினேன். சத்தம் இருந்தது. முழு வட்டம் சுற்றினேன். வளையம் எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் ஹெட்போன் கயிற்றை உயர்த்தினால் சத்தம் கூடியது, தாழ்த்தினால் குறைந்தது.

பாட்டரியை மாற்றினேன். கயிற்றை மாற்றினேன். சுவிட்சைச் சுரண்டினேன். வால்வுகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றினேன். என் வரிசை தீர்ந்துபோயிற்று. இரண்டு கருவிகளையும் புல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு உச்சியில் கருப்புக் காப்பு இருந்தது, மற்றதற்கு இல்லை. வித்தியாசம் அது ஒன்றுதான்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த இடைவெளி பழுதில்லை. அதுதான் கருவிக்கு வாசல். குழாய் முழு வட்டமானதும் உள்ளே இருக்கும் சுருளுக்கு வெளிச்சத்தம் எட்டாமல் போய்விட்டது. நான் வாசலை அடைத்து, பாலிஷ் போட்டிருந்தேன். வளையம் செவிடான பிறகு ஹெட்போன் கயிறு தனக்குக் கேட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. இரைச்சல் எங்கே பிறந்தாலும் மின்கம்பி வழியாகத் தெருவெல்லாம் ஓடும். கம்பி தலைக்குப் பக்கத்தில் தொங்கும் இடத்தில் கயிற்றுக்கு உரக்கக் கேட்கும். அந்தப் பெண்மணி செய்த குற்றம், கம்பி தாழ்வாக வந்த வீட்டில் குடியிருந்தது.

அவருடைய ரேடியோ என் மேசையில் இருந்தது. முத்திரையை உடைத்துத் திறந்தேன். இரைச்சல் எழுப்பும் ஜாதி ரேடியோ இல்லை அது. அதன் ஈயப்பற்றுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மிளகு அளவில், பளபளவென்று, ஒரே மாதிரி. பெருகி வழிந்தது ஒன்றுகூட இல்லை. அவர் கணவர் பெரிய கைக்காரராக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூடிவைத்தேன்.

துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அறை முழுக்கப் பெட்டிகள். பொறுமையாகக் கேட்டார்.

“அந்த ரேடியோவை எடுத்தபின் இரைச்சல் நின்றதா, இல்லையா?”

“நின்றது, சார்.”

“அப்படியானால் கருவி சரியாகத்தான் காட்டியிருக்கிறது.”

“கருவி காட்டவே இல்லை, சார். அதற்கு ஒன்றும் கேட்கவில்லை.”

“இரைச்சல் நின்றுவிட்டது” என்று மறுபடி சொன்னார். “புகார் கொடுத்தவர் நன்றி சொல்லிவிட்டார். கோப்பு மூடியாகிவிட்டது. எனக்குப் பிறகு வருகிறவர் திறக்க விரும்பினால் திறக்கட்டும்.” பிறகு வைக்கோலில் ஒரு தேநீர்க் கோப்பையைச் சுற்ற ஆரம்பித்தார்.

உண்மையான குற்றவாளியைப் பிடிக்கலாம் என்றால் அவன் சத்தமே போடவில்லை. சத்தம் போடாதவனைத் தேடிப் பிடிக்கும் கருவி இலாகாவில் இல்லை. எங்காவது பொரியட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். இரைச்சலை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறவன் இரைச்சலுக்காகச் சாமி கும்பிட்டது அந்த ஒரு மாதம்தான்.

அந்தப் பெண்மணியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு சாயங்காலம் சைக்கிளில் போனேன். சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஊசி துணிக்குள் போய்வரும் சத்தம்கூடக் கேட்டது.

“ரேடியோ எப்ப வரும், தம்பி?”

“விசாரணை நடக்குது, மக்சிக்” என்றேன். சொல்ல வந்தது அதில்லை. வாயில் வந்தது அது.

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். “ரெண்டு கல்யாண வீட்டுக்காரங்க செருப்பு வேணாம்னுட்டாங்க. நான் காட்டுல இருக்கிறவங்களுக்குச் சேதி அனுப்பினேனாம். மணி கோக்கத் தெரிஞ்ச கைக்குச் சேதி அனுப்பத் தெரியாதானு கேக்கிறாங்க.”

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டைபோட்ட அவசரகாலம் முடியாத நேரம் அது. அப்படி ஒரு பேச்சு ஒருவர்மேல் விழுந்தால் எளிதில் கழுவ முடியாது. நான் மணிகளின் நிறம் நன்றாக இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். திட்டுவதற்குப் பதில் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

சுதந்திர நாள் காலையில் டிரெசர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்பதால் போனேன். தன் பெரிய ரேடியோவை முன்ஜன்னலில் தெருவைப் பார்க்க வைத்து, மாவிலை கட்டி, பொட்டு வைத்திருந்தார். முற்றம் நிறைய ஜனம். தமிழர்கள், மலாய்க்காரர்கள், இரண்டு சீனக் குடும்பங்கள், செட்டித் தெருக்காரர்கள். வேலியோரத்தில் அந்தப் பெண்மணி நின்றார். வீட்டில் ரேடியோ இல்லாதவர் வேறு எங்கே போவார்? அவரைச் சுற்றி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கோலாலம்பூரில் மழை என்று நிகழ்ச்சி தள்ளிப்போனது. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு பிரதமர் பிரகடனத்தை வாசிக்கத் தொடங்கினார். முற்றத்தில் எல்லாரும் ஜன்னலை நோக்கி நகர்ந்தார்கள். அப்போது ரேடியோ, கர்ர்ர்ர்ர் என்று பொரிந்தது.

காய்ந்த எண்ணெயில் முறுக்கு. அதே சத்தம்.

தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலிப்பக்கம் திரும்பின. அந்தப் பெண்மணி வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். பிரகடனம் தொடர்ந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடியும் பொரிந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“தம்பி, என் ரேடியோ உங்க ஆபீஸ்லதானே இருக்கு?”

“ஆமா, மக்சிக்.”

“பூட்டித்தானே வெச்சிருக்கீங்க?”

“பூட்டித்தான் வெச்சிருக்கேன்.”

அவர் ரேடியோப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடுதலை என்று பொருள்படும் “மெர்டேக்கா” முழக்கம் ரேடியோவில் எழுந்தது. முற்றத்தில் எல்லாரும் சேர்ந்து முழங்கினார்கள். நானும் முழங்கினேன். முழங்கிக்கொண்டே சைக்கிளை எடுத்தேன்.

அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. இரண்டாம் நம்பரோடு திரும்பி வந்தபோது கூட்டம் கலையவில்லை, கூடியிருந்தது. தெருமுனையில் நின்று, பொரியும்வரை காத்திருந்து, வளையத்தைத் திருப்பினேன். அடங்கியது. கோட்டைப் பார்த்துக்கொண்டேன். பின்தெருவுக்குப் போய் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றன என்று பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்து, மூன்றாவது ஒன்றும் எடுத்தேன். பிறகு டிரெசர் வீட்டு முற்றத்துக்குப் போய், அவர் முன்னால் நின்றேன்.

“ஐயா, பின்னறையத் திறக்கணும்.”

“அங்க ஒண்ணுமில்லலா, தம்பி.”

“ஒண்ணுமில்லாதது ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பொரியுது, ஐயா.”

அவர் முகம் வெளிறிப்போனது. சாவியைத் தேடுவதற்கு நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

பின்னறையில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு மரப்பெட்டி. துணியை எடுத்தால் கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசை வரிசையாகக் கோழி முட்டைகள். நாட்டைவிட்டுப் போகும் ஒரு தோட்டத் துரை விற்றுவிட்டுப் போன, மின்சாரத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டி. சூடு அளவை எட்டினால் தானாக அணைந்து, குறைந்தால் தானாக எரியும் சுவிட்ச் ஒன்று அதற்குள் இருந்தது. அதன் முனைகள் தேய்ந்துபோய், அணையும்போதெல்லாம் நீலப் பொறி தட்டியது.

“கண்ணு பட்டுட்டா ஒரு முட்டை தேறாது, தம்பி. அதான் யாருக்கும் சொல்லல” என்றார் டிரெசர். சத்தியமாக, இரைச்சல் இதிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் ஈட்டு முட்டைகளைப் போன மாதம் வைத்திருக்கிறார். நான் அந்தப் பெண்மணியின் ரேடியோவை எடுத்துக்கொண்டு போன மறுநாள் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. அன்றே பெட்டியை அணைத்துவிட்டு, குஞ்சுகளை உஜோங் பாசிரில் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் ஈட்டுக்கு நல்ல நாள் பார்த்திருக்கிறார். நாடே விடுதலையாகும் நாளைவிட நல்ல நாள் எது என்று அன்று விடிந்ததும் முட்டைகளை அடுக்கியிருக்கிறார்.

“அணைச்சுடுங்க” என்றது கூட்டம்.

“ஐயோ, வேணாம். சூடு எறங்குனா எல்லாம் செத்துப்போகும்” என்றார் டிரெசர். கையெடுத்துக் கும்பிட்டார். பிறக்காத குஞ்சுகளுக்காகச் சிலர் உச்சுக்கொட்டினார்கள். இதே தெரு அந்தப் பெண்மணிக்காக உச்சுக்கொட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு கண்டன்சரைச் சுவிட்சின் குறுக்கே பற்றவைத்தால் பொறி அடங்கிவிடும் என்றேன். ஆனால் கண்டன்சர் இருக்கும் இலாகா ஸ்டோரின் சாவி ஸ்டோர் கிளார்க்கிடம். அவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்.

“எங்கிட்ட இருக்கு” என்றார் அந்தப் பெண்மணி. ரேடியோ செய்தபோது மிஞ்சிய உதிரிகள் ஒரு டின்னில் இருக்கின்றன என்றார். டிரெசர் அவரைப் பார்த்த பார்வையில் கும்பிடு ஒன்று பாதியில் நின்றது.

“ஆனா அதுக்கு முன்னால,” என்று என் பக்கம் திரும்பினார், “அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க வந்து நின்னு சொல்லுங்க.”

போனேன். தெருவே பின்னால் வந்தது. அந்தத் தாழ்ந்த கம்பிக்குக் கீழே, அதே வாசலில் நின்று, மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னேன். இந்த வீட்டு ரேடியோவில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் என் கருவியில். கருவியைக் கெடுத்தது நான். அது எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் வாசலைவிட்டு இறங்க முடியவில்லை.

அந்தப் பெண்மணி என் கையிலிருந்த இரண்டாம் நம்பரைப் பார்த்தார். “எப்படிக் கெடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். இரண்டாம் நம்பரின் காப்பைக் காட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

“செஞ்சவங்க எதுக்கு எடம் விட்டாங்கன்னு கேக்காமலே அடைச்சுட்டீங்களா?”

“ஆமா, மக்சிக்.”

உள்ளே போய் டின்னையும் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலையும் எடுத்து வந்தார். டிரெசர் வீட்டுப் பின்னறையில் நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். அடுப்பில் காய்ச்சிய சூட்டுக்கோலுக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

“நீங்க டார்ச்சப் பிடிங்க.”

பிடித்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இரண்டு முனையிலும் இரண்டு பற்று வைத்தார். மிளகு அளவில், பளபளவென்று. அந்த ரேடியோவைச் செய்தது யார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. கணவர் தபாலில் பாகங்களை வரவழைத்தாராம். அவருக்குக் கை நடுங்குமாம். படத்தைப் பார்த்துப் படித்துச் சொல்லுவாராம். மீதியெல்லாம் இவர் வேலை.

மெயினைப் போட்டோம். முன்ஜன்னல் ரேடியோ பாடியது. இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. பாட்டுத்தான் கேட்டது.

அடுத்த வேலைநாளில் அந்தப் பெண்மணியின் ரேடியோவை நானே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வால்வு மாற்ற வேண்டியிருக்கிறது, அதை மாற்றிக் கொடு என்றார். மாற்றிக் கொடுத்தேன். ஒன்றாம் நம்பரின் பற்றை ரம்பத்தால் அறுத்தேன். அறுபட நேரமெடுத்தது, உறுதியான பற்று. துரைக்குப் பிறகு வந்த நம் நாட்டு அதிகாரி கோப்பைத் திறந்து, நான் எழுதிய அறிக்கையை உள்ளே வைத்து, என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

டிரெசர் தானே இரண்டு வீடுகளுக்கு நடந்துபோய்ப் பேசியதில், கைவிட்டுப்போன கல்யாணச் செருப்பு வேலைகளில் ஒன்று அவருக்குத் திரும்பி வந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் வரவில்லை. அந்த வீட்டுக்கு நானும் போனேன். பெரியவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நடந்த தவற்றை முதலிலிருந்து சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். எல்லாம் முடிந்தபின் என் பக்கம் குனிந்து, மெதுவான குரலில் கேட்டார்.

“இப்படிச் சொல்லச் சொல்லி மேலேருந்து உத்தரவா, தம்பி?”

இல்லை என்றேன். உத்தரவு இல்லை என்று சொல்லவும் சொல்லியிருப்பார்கள் என்று அவர் தன் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.